கயலுக்கு நான்கு சீட் பிடித்தோம்

1

மார்ச் மாதம். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது. நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சாப்பாட்டு அறையில் நின்று புளிச்சோற்றைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண், கோடைக்கு எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டதா என்று கேட்டாள். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவளைக் கேட்பது போலக் கேட்டாள். இந்தக் குளிரில் கோடைக்கு என்ன ஏற்பாடு, போர்வையை மடித்து வைப்பதா என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் இல்லை" என்றேன். அவள் முகத்தில் வந்த இரக்கத்தைப் பார்த்ததும் சோற்றை மூடி வைத்துவிட்டு விசாரிக்க ஆரம்பித்தேன்.

ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கிச் சொல்கிறேன். கனடாவில் ஜூன் கடைசியில் பள்ளிக்கூடத்தை மூடினால் செப்டம்பரில்தான் திறப்பார்கள். ஒன்பது வயதுப் பிள்ளையை வீட்டில் தனியாக விட்டுவிட்டு வேலைக்குப் போக முடியாது. பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டும் போக முடியாது. முன்பு இருந்த வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே எனக்கு மூன்றாவது வருஷம்தான் தெரிந்தது. ஆகவே கேம்ப். காலையில் கொண்டுபோய் விட வேண்டும், சாயங்காலம் போய்க் கூட்டிவர வேண்டும். நடுவில் பிள்ளை ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொண்டு வரும்.

பொம்மிடியில் இருக்கும் என் தம்பி குமாரிடம் போனில் சொன்னபோது, "யாருக்குக்கா கண்ணு சரியில்ல?" என்று பதறிவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் பக்கம் கேம்ப் என்றால் கண் ஆபரேஷன் கேம்ப், அதை விட்டால் பட்டா மாறுதல் கேம்ப். சும்மா இருக்கும் பிள்ளைகளுக்காகக் கேம்ப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எங்கள் ஊரில் பிள்ளைகள் சும்மா இருந்ததும் இல்லை. கோடை விடுமுறை வரும்போதே கூடப் புளியும் வந்துவிடும். வியாபாரி மூட்டை மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் எப்போது திறக்கும் என்று நானும் தம்பியும் ஏங்கிக்கொண்டிருப்போம். அதையே இந்த ஊரில் "கைத்திறன், கூட்டுச் செயல்பாட்டு முகாம்" என்று பெயர் வைத்து ஆரம்பித்தால் இரண்டே நாளில் நிரம்பிவிடும். அந்தக் காலத்தை நினைத்து நான் உருகுவதாக யாரும் எண்ண வேண்டாம். புளி என்றால் இன்றைக்கும் என் நகக்கண் கூசும். அன்றைக்குப் புளிச்சோறு கொண்டுபோனதுகூட வேறு வழி இல்லாமல்தான்.

2

போன வருஷம் கேம்ப் தேர்ந்தெடுத்த லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் கணவர் முருகேசன் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவர். கோயிலில் பார்க்கும் நாலு பேரை விசாரித்தோம். நாலு பேரும் ரோபோ செய்யக் கற்றுக்கொடுக்கும் கேம்ப்பைச் சொன்னார்கள். சேர்த்துவிட்டோம். எங்கள் மகள் கயல் அதிகம் பேசாத பெண். அப்போதுதான் வீடு மாறிப் புதுப் பள்ளிக்கு வந்திருந்தாள். கேம்ப் முடியும்போது அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். "தனித்து இயங்கும் திறனில் சிறந்தவர்" என்று போட்டிருந்தது. இவருக்குப் பெருமை தாங்கவில்லை. அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, போட்டோ எடுத்து, பென்னாகரம் வரைக்கும் அனுப்பிவைத்தார்.

அடுத்த பள்ளி ஆண்டு பாதி போன பிறகுதான் ஒரு நாள் தட்டைக் கழுவிக்கொண்டே கயல் சொன்னாள், மற்ற பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து செய்தார்களாம், இவளோடு சேர ஆள் இல்லையாம், அதனால்தான் அந்தச் சான்றிதழாம். குறையாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகச் சொன்னாள். சான்றிதழைக் கிழித்துவிடலாம் என்று போனேன், இவர் விடவில்லை. அப்புறம் அது அங்கேயே இருந்தது.

இந்த வருஷம் அவளுக்கு ஒரு தோழி கிடைத்திருந்தாள். ஹன்னா என்று பெயர். செம்பட்டை முடி, ஓயாத வாய். கயலுக்குப் பதிலாகவும் அவளே பேசிவிடுவாள். இரண்டு பேருக்கும் அது வசதியாக இருந்தது. ஹன்னா ஜூலை கடைசியில் இரண்டு வாரம் ஒரு கேம்ப்புக்குப் போகப்போகிறாள், மீதி விடுமுறையில் ஊரிலேயே இருக்க மாட்டாள், அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் தன்னையும் அங்கேயே சேர்க்க வேண்டும் என்று கயல் கேட்டாள். பிறந்த நாளைக்குக்கூட அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்காத பெண். என்ன கேம்ப், எங்கே என்று எதையும் விசாரிக்காமல், கட்டாயம் சேர்க்கிறேன் என்று கையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டேன்.

அது ஆட்டுக் கேம்ப்.

நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணை. பிள்ளைகள் ஆட்டுக்குத் தீனி வைப்பார்களாம், தண்ணீர் காட்டுவார்களாம், கொட்டகையைக் கூட்டிப் புழுக்கை அள்ளுவார்களாம். விளம்பரத்தில் ஒரு பையன் கையில் மண்வெட்டியை வைத்துக்கொண்டு, லாட்டரி விழுந்தவன் போலச் சிரித்துக்கொண்டிருந்தான். இந்த நாட்டில் பிள்ளை வளர்ப்பவர்கள் இதற்கு அடித்துப் பிடித்துக்கொண்டு பணம் கட்டுகிறார்கள்.

இவருக்கு விஷயத்தைச் சொல்ல நல்ல நேரம் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார். என் கணக்கு தப்பாகிவிட்டது. இவர் பென்னாகரத்துக்குப் பக்கத்தில் காட்டோரத்துக் கிராமம். பத்தாவது படிக்கும் வரைக்கும் லீவு நாள் பூராவும் ஆட்டுக்குப் பின்னால் நடந்தவர், ஃபாரஸ்ட் கார்டைக் கண்டால் ஆட்டையும் இழுத்துக்கொண்டு ஓடியவர்.

"ஆட்டுப் புழுக்கையிலேர்ந்து தப்பிச்சி வரதுக்குத்தான் அவ்ளோ தூரம் படிச்சன்," என்றார். "எம்பொண்ணு காசு கட்டி அள்றதுக்குப் போறாளா?"

சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எழுந்து போய்ச் சாப்பிட்ட தட்டை மறுபடி கழுவினார். நான் விடவில்லை. நீங்கள் சேர்த்த ரோபோ கேம்ப்பில் பிள்ளை யாரோடு பேசினாள் என்று கேட்டேன். ஃபிரிட்ஜைப் பார்த்தார். சரி, போடு என்றார். ஆனால் தான் அந்தப் பக்கமே வர மாட்டேன், விடுவதும் கூட்டிவருவதும் என் பொறுப்பு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

3

கேம்ப்பில் இடம் பிடிப்பது சாதாரண வேலை இல்லை. குறிப்பிட்ட நாளில் காலை ஏழு மணிக்குக் கணினியில் திறப்பார்கள். ஏழு மணி ஐந்து நிமிஷத்துக்கு மூடிவிடும். ஆட்டுக் கேம்ப்பில் இருப்பது கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய இடங்கள். அதற்கு ஊரே காத்திருக்கிறது என்று சாப்பாட்டு அறைப் பெண் பயமுறுத்தினாள்.

இதைக் கேட்டதும்தான் எனக்கு நிம்மதி வந்தது. எனக்கு இந்த நாட்டில் தெரியாதது நிறைய. வரிசையில் நிற்கும்போது முன்னால் இருப்பவரோடு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது இன்னும் பிடிபடவில்லை. ஆனால் கூட்டத்தில் சீட் பிடிப்பது எனக்குப் பிறவியிலேயே வந்தது. ஆடி மாசம் ஒகேனக்கல் போகும் பஸ், பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்பும்போதே எங்கள் அப்பா கூடவே ஓடுவார். ஓடிக்கொண்டே ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார். துண்டு விழுந்த சீட் எங்களுடையது. மனிதர்களுக்குள் எவ்வளவு சண்டை இருந்தாலும் துண்டுக்கு ஒரு மரியாதை உண்டு. ஒரு தடவை துண்டு இல்லாததால் என்னையே தூக்கி ஜன்னலுக்குள் போட்டார். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டு, குடும்பம் ஏறும் வரைக்கும் நான் அழுதபடியே இடத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்.

என்னை விடத் தேர்ந்தவன் குமார். பொம்மிடி ஸ்டேஷனுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். டிக்கெட் போடுவதும் உண்டு. பெங்களூரு போகிறவர்கள், திருப்பூரிலிருந்து பொங்கலுக்கு வருகிறவர்கள், எல்லாருக்கும் தட்கல் டிக்கெட் எடுக்க அவன்தான். அவன் பட்டனை அழுத்தும் வேகத்தைப் பார்க்கவே கடை வாசலில் ஆள் நிற்கும். எங்களுக்குக் காலை ஏழு மணி என்றால் அவனுக்குச் சாயங்கால டீ நேரம். கடையில் கூட்டமும் இருக்காது. உதவி கேட்டேன்.

உதவி என்றா சொன்னேன்? படையைத் திரட்டிவிட்டான். தட்கலில் ஒரே ஆளை நம்பக் கூடாதாம். மூன்று பேர் மூன்று பக்கம் இருந்து அடிக்க வேண்டுமாம். யாருக்குக் கிடைக்கிறதோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாமாம். எனக்கு ஒரு கணக்கு, இவருக்கு ஒரு கணக்கு, குமார் தன் பெயரில் கடைக் கம்ப்யூட்டரில் ஒன்று. முந்தின வாரமே ஒத்திகை பார்க்க வைத்தான். வேண்டாவெறுப்பாக உட்கார்ந்த இவரையும், "மாமா, கண்ணு ஸ்கிரீன்லயே இருக்கட்டும், டீ குடிக்காதீங்க" என்று விரட்டினான்.

ஏழு மணி. திறந்தது. போனில் குமார் "அடி, அடி" என்றான். அடித்தேன். பெயர், வயது, அலர்ஜி உண்டா, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. ஒத்திகையில் பழகிய விரல் தானாக ஓடியது. பச்சை நிறத்தில் வாழ்த்துகள் என்று வந்தது. எதிரில் இவர், "எனக்கும் வந்துடுச்சி" என்றார். குரலில் அவருக்கே தெரியாத சந்தோஷம். பொம்மிடியிலிருந்து குமார், தனக்கும் கிடைத்துவிட்டது, அதோடு போனிலும் சும்மா ஒன்று போட்டுப் பார்த்தேன், அதுவும் விழுந்துவிட்டது என்றான். அவன் கடையில் யாரோ கை தட்டினார்கள்.

ஒரு பிள்ளைக்கு நான்கு சீட். வைத்திருப்பது தப்பில்லையா, உடனே விட்டுவிடலாமா என்று கேட்டேன். விடாதே என்றான். எல்லாம் உறுதியாகி சார்ட் வரும் வரைக்கும் எந்தத் துண்டையும் எடுக்கக் கூடாது என்பது அவன் தொழில் தர்மம். இவரும் தலையாட்டினார். காலையிலேயே கேசரி கிளறினேன்.

4

மறுநாள் பள்ளிக்கூட வாசலில் ஹன்னாவின் அம்மா ஜூலியைப் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. ஆட்டுக் கேம்ப்பில் ஹன்னாவுக்கு இடம் கிடைக்கவில்லையாம். ஏழு மணிக்குக் காபி போட்டுக்கொண்டு நிதானமாக உட்கார்ந்திருக்கிறாள். முந்தின வருஷம் அப்படித்தான் கிடைத்ததாம். இந்த வருஷம் கண் மூடித் திறப்பதற்குள் நிரம்பிவிட்டதாம். காத்திருப்போரில் நான்காவதாக இருக்கிறாளாம்.

"எங்கேயிருந்துதான் வருகிறார்களோ இவ்வளவு பேர்?" என்றாள் ஜூலி.

பொம்மிடியிலிருந்து என்று நான் எப்படிச் சொல்வேன்? ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு, காலில் சுடுதண்ணீர் ஊற்றின மாதிரி வீட்டுக்கு வந்தேன். யாரோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்று இத்தனையும் செய்தோமோ, அந்தப் பிள்ளையின் சீட்டின் மேலேயே நம் துண்டு கிடக்கிறது.

பண்ணை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். டோனா என்ற அம்மாள் எடுத்தார். கயல் என்ற பெயரைச் சொன்னதும் அவர் குரல் குழைந்துவிட்டது. நான்கு பிள்ளைகளா, நான்கு பேருக்கும் ஒரே பெயரும் ஒரே பிறந்த நாளுமா என்று கேட்டார். பதற்றம் வந்தால் ஆங்கிலத்தில் எதற்கும் ஆமாம் போடுவது என் வழக்கம். ஆமாம் என்றேன். ஒரே பிரசவத்தில் நான்கு பெற்றதற்காக டோனா என்னை மனதார வாழ்த்தினார். எப்படிச் சமாளித்தீர்கள் என்று வேறு கேட்டார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊர் பஸ், ஜன்னல், துண்டு எல்லாவற்றையும் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். நாங்கள் நான்கு துண்டு போட்டுவிட்டோம் என்றேன். துண்டு பண்ணையிலேயே கொடுப்பார்கள், கொண்டுவர வேண்டாம் என்றார் டோனா. மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். புரிந்ததும், மூன்று இடங்களை விட்டுவிடுகிறீர்களா என்று மட்டும் கேட்டார். அதில் ஒன்றை ஹன்னாவுக்கே கொடுக்க முடியுமா என்று கெஞ்சிப் பார்த்தேன். முடியாது, வரிசைப்படிதான் என்றார். குரலில் பழைய குழைவு இல்லை. ஹன்னாவுக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் ஏறிக்கொண்டார்கள். ஹன்னா முதலாவதாக நின்றாள். ஒரே ஒரு சீட் குறைகிறது.

குமாருக்குச் சொன்னேன். வெயிட்டிங் லிஸ்ட்டில் ஒன்று என்றால் கன்ஃபர்ம் ஆன மாதிரிதான், கண்ணை மூடிக்கொண்டு இரு என்றான். அவன் அனுபவம் சேலம் வழி போகும் ரயிலோடு சரி. இந்த ஊர்க்காரர்கள் ஒரு தடவை வருகிறேன் என்று சொன்னால் காய்ச்சலோடு வந்து நிற்பார்கள். வாரங்கள் போயின. யாரும் விலகவில்லை. குமார் தினமும் காலையில், "சார்ட் வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் நான் எரிந்து விழுந்தேன்.

கயலிடம் சொல்லாமல் தள்ளிப்போட்டேன். ஹன்னாவே ஒரு நாள் அவளிடம் சொல்லிவிட்டாள். அன்றைக்குச் சாப்பிடும்போது கயல் எங்களைக் கேட்டாள், நமக்கு எப்படிக் கிடைத்தது என்று. பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. நான்கு சீட் கதையைச் சொன்னேன். பஸ் ஜன்னலில் என்னைப் போட்ட பகுதியைச் சிரிப்பாகச் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்போ ஹன்னா சீட்ல நாமதான் உக்காந்திருக்கமா?"

நானும் இவரும் தட்டைப் பார்த்தோம்.

"என் பேர எடுத்துடுங்கம்மா," என்றாள். "அவ போகட்டும். நான் ரோபோ கேம்ப்புக்கே போறன். எனக்குத் தனியா இருக்கத் தெரியும். சர்டிஃபிகேட் இருக்கில்ல?"

கிண்டலாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. அந்தப் பெண்ணுக்குக் கிண்டல் வராது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவர் எழுந்து கை கழுவினார், துண்டில் துடைத்தார், மறுபடி கழுவினார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, டோனாவின் நம்பரைக் கொடு என்றார்.

என்ன பேசினார் என்பதை அன்று சாயங்காலம் சுருக்கமாகச் சொன்னார். இத்தனை பிள்ளைக்கு இத்தனை பெரியவர் என்று அவர்களுக்கு ஒரு விதி இருக்கிறதாம். இடம் இல்லாததற்குக் காரணம் ஆடு குறைவு என்பதல்ல, ஆள் குறைவு. சம்பளம் இல்லாமல் இரண்டு வாரமும் முழு நாள் வேலை செய்ய ஒரு பெரியவர் வந்தால், வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களாம். அடுத்த பிள்ளை ஹன்னா.

"யாருங்க வராங்களாம்?" என்றேன்.

"நான்தான்."

அந்த இரண்டு வார லீவு, நான்கு வருஷம் கழித்து ஆடிப் பதினெட்டுக்கு ஊருக்குப் போக அவர் சேர்த்து வைத்திருந்தது. அதைச் சொன்னேன். காவிரி எங்கேயும் போய்விடாது என்றார். அனுபவம் உண்டா என்று டோனா கேட்டதற்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "கொஞ்சம் உண்டுன்னன்" என்றார்.

5

ஆட்டுக் கொட்டகைக்குப் போகும் மனிதர் முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேலை செய்ய நன்னடத்தைச் சான்று வேண்டுமாம். கைரேகை எடுத்தார்கள். பிறகு ஆட்டை எப்படித் தொட வேண்டும் என்று அரை நாள் வகுப்பு. காதை இழுக்கக் கூடாது, ஆட்டின் சம்மதம் இல்லாமல் தூக்கக் கூடாது. இவர் பரீட்சை எழுதித் தேறினார்.

செய்தி குமார் மூலமாகப் பொம்மிடியைத் தாண்டிப் பென்னாகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. போகிற வழியில் கொஞ்சம் வளர்ந்தும்விட்டது. இவருடைய அண்ணன் போன் செய்தார். அவர் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர்.

"வேல போயிடுச்சாடா?" என்றார்.

இல்லை என்று இவர் சொன்னதை அவர் நம்பவில்லை. வூட்டுக்கு வந்துடு, இங்கியும் ஆடு இருக்குது என்றார். கேம்ப், விதி, ஹன்னா எல்லாவற்றையும் இவர் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அண்ணன், சுமதி பக்கத்தில் இருந்தால் கொடு என்றார். வாங்கினேன். செலவுக்கு ஏதாவது அனுப்பட்டுமா என்று மெதுவாக என்னிடம் கேட்டார். இன்றைக்கு வரைக்கும் இவருக்கு வேலை இருக்கிறது என்பதை அந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் நம்பவில்லை.

கேம்ப் ஆரம்பித்தது. இவர், கயல், ஹன்னா மூன்று பேரும் ஒன்றாகக் கிளம்பிப் போவார்கள். சாயங்காலம் வரும்போது காரே வாடை அடிக்கும். ஹன்னா பேசியபடி வருவாள், கயல் அதற்கு ஈடாகப் பேசியபடி வருவாள். நான் வாசலில் நின்று அதைக் காது குளிரக் கேட்டேன். இவரைப் பற்றிய புகார்களும் வந்தன. அப்பா புழுக்கையை எல்லாரையும் விட வேகமாக அள்ளுகிறார், தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவுகிறார், ஆனால் எந்த ஆட்டையும் தொடுவதில்லை. ஒவ்வொரு ஆட்டுக்கும் கழுத்தில் பெயர் எழுதித் தொங்கவிட்டிருக்கிறார்கள், அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. டெய்சி தானாக வந்து உரசினால்கூட விலகி நிற்கிறார்.

முதல் வாரக் கடைசியில், சாப்பாட்டின்போது, கயல் அவரிடமே கேட்டாள்.

"ஏம்பா, உங்களுக்கு ஆட்டப் புடிக்காதா?"

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அருவருப்பு என்று சொல்வார், அல்லது படிப்பைப் பற்றி ஏதாவது பேசுவார் என்று நான் நினைத்தேன்.

"புடிக்காம இல்ல," என்றார். "எங்க அப்பா ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு ஆட்ட வித்துத்தான் ஃபீஸ் கட்டுனாரு. எல்லாத்துக்கும் நான் பேரு வெச்சிருந்தன். லீவுக்கு வூட்டுக்கு வரப்ப எதக் காணமோ, அதான் அந்த செமஸ்டரு."

இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், எனக்கு இது தெரியாது. புழுக்கை நாற்றத்துக்குப் பயந்து ஓடிவந்த மனிதர் என்றுதான் நினைத்திருந்தேன். ஊரிலும் அப்படித்தான் சொல்லிக்கொள்வார். கயல் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

கடைசி நாள் பெற்றோர்களை வரச் சொல்லியிருந்தார்கள். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஜூலி வந்திருந்தாள். டோனாவிடம் போய் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, மீதி மூன்று பேர் வரவில்லையா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஜூலி என்னவென்று கேட்டாள். எப்படியும் ஒரு நாள் சொல்லத்தான் வேண்டும் என்று, பொம்மிடியில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் என்னை முறைத்தாள். பிறகு, அடுத்த வருஷம் உங்கள் தம்பியிடம் ஹன்னாவுக்கும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள் என்றாள்.

அந்த வாரம் பருவம் தப்பி ஒரு ஆடு குட்டி போட்டிருந்தது. குட்டிக்குப் பிள்ளைகளே ஓட்டுப் போட்டுப் பெயர் வைத்திருக்கிறார்கள், அதைத்தான் இப்போது எல்லாருக்கும் காட்டப்போகிறார்கள் என்றார் டோனா. இரண்டு நாளாக ஹன்னா ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்து வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்டிருக்கிறாள். கூடவே கயலும் போயிருக்கிறாள், கயலும் பேசியிருக்கிறாள். எங்கள் பெண் முன்பின் தெரியாத பிள்ளைகளிடம் போய் நின்று பேசினாள் என்று டோனா சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

கயல் குட்டியை நடத்திக் கூட்டிவந்தாள். கறுப்புக் குட்டி, நெற்றியில் வெள்ளை. கழுத்தில் புது அட்டை. கோணல்மாணலான ஆங்கில எழுத்தில், செமஸ்டர் என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள், இது என்ன பெயர் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். இவர் கையில் கூடையோடு கொட்டகை ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கயல் யாரையும் பார்க்கவில்லை. குட்டியை நேராக அவரிடம் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இத விக்க மாட்டாங்கப்பா," என்றாள். "டோனாகிட்ட கேட்டுட்டன்."

இவர் கூடையைக் கீழே வைத்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். குனிந்து, சம்மதம் கேட்காமலே, ஒரு கையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துக் குட்டியைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டார். அது அவருடைய கழுத்தில் தொங்கிய, போலீஸ் சான்றைப் பார்த்துப் பண்ணையில் கொடுத்த அட்டையைக் கடித்து மெல்ல ஆரம்பித்தது. அவர் பிடுங்கவில்லை.